கோழிச் சீக்கும் உயிரணுத் தொழிற்சாலையும்



தோட்டத்து லயத்தில் கோழி வளர்த்த யாரும் அந்தக் காலைப் பொழுதை மறக்க மாட்டார்கள். நேற்று நன்றாக மேய்ந்த கோழி, இன்று பச்சையாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக் கிடக்கும். ஒரே வாரத்தில் கூடு காலியாகும். பிள்ளையின் பள்ளிச் செலவுக்கென்று வளர்த்தவை அவை. என் தாயார், வீட்டில் மீந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பொடித்துச் சோற்றில் பிசைந்து கொடுப்பார். ஒரு கோழியும் பிழைத்ததில்லை. அது ஏன்?

இந்நோய் 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசல் நகரிலும் கண்டறியப்பட்டது. நியூகாசல் நோய் என்றும், இந்தியாவில் ராணிக்கெட் நோய் என்றும் சொல்வார்கள். காரணம் ஒரு வைரஸ்.

கோழியின் உயிரணு ஒவ்வொன்றும் ஒரு ரப்பர் தொழிற்சாலை போன்றது. உத்தரவுச் சீட்டு வரும்; இயந்திரம் அதன்படி சரக்குச் செய்யும். சீட்டின் பெயர் ஆர்.என்.ஏ. இயந்திரம் ரைபோசோம். சரக்கு, புரதம். வைரஸிடம் ரைபோசோம் கிடையாது. அது தன் சீட்டைக் கோழியின் இயந்திரத்தில் செருகித் தன் சரக்கைச் செய்துகொள்கிறது.

கண்ணுக்குத் தெரியாத இதை எப்படிக் கண்டார்கள்? கால் மணி நேரம் மட்டும் பாலில் சாயம் கலந்தால், அந்நேரத்தில் செய்த ஷீட்டுகள் மட்டும் நிறத்தோடு வரும் அல்லவா? ஆய்வுக்கூடத்திலும் அப்படித்தான். கோழிக்கருவின் உயிரணுக்களைக் கிண்ணத்தில் வளர்த்து, வைரஸைச் சேர்ப்பார்கள். சில மணி நேரம் கழித்து, கதிர்வீச்சுள்ள கந்தகம் சேர்ந்த மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்தைச் சிறிது நேரம் ஊட்டுவார்கள். பின் உயிரணுக்களைக் கரைத்து, மெல்லிய கூழ்ப்பலகையில் மின்சாரம் பாய்ச்சுவார்கள். சிறிய புரதம் வேகமாக ஓடும், பெரியது பின்தங்கும். பலகையை உலர்த்தி, இருட்டில் எக்ஸ்ரே பிலிமோடு சேர்த்து வைத்தால், புதிதாகச் செய்த புரதங்கள் கறுப்புக் கோடுகளாகப் பதியும்.

நல்ல உயிரணுவில் கோடுகள் ஏராளம். கொடிய வைரஸ் புகுந்ததில், நேரம் ஆக ஆகக் கோழியின் கோடுகள் மங்கும்; வைரஸின் சில கோடுகள் மட்டும் கறுக்கும். தொழிற்சாலை கைமாறிவிட்டது!

என் தாயாரின் மாத்திரை தோற்றதும் இதனால்தான். டெட்ராசைக்ளின் போன்ற மருந்து பாக்டீரியாவின் ரைபோசோமைத் தடுக்கும். இங்கே ஓடுவதோ கோழியின் சொந்த இயந்திரம்.

இன்னொன்றும் தெரிந்தது. வைரஸ் செய்யும் ஒரு புரதம் இரண்டாக வெட்டுப்பட்டால்தான் அடுத்த உயிரணுவுக்குள் நுழைய முடியும். கொடிய வகையில் அவ்வெட்டு உடலெங்கும் நடக்கிறது. சாதுவான வகையில் குடலிலும் மூச்சுப்பாதையிலும் மட்டுமே. ஜெர்மானிய ஆய்வுக்கூடம் ஒன்று 1976இல் இதை விளக்கியது. சாதுவான வகையே தடுப்பு மருந்தாகிறது.

இதில் நம் ஸ்ரீ கெம்பாங்கானுக்கும் பெருமை உண்டு. பக்கத்துச் செர்டாங்கில், இன்று புத்ரா பல்கலைக்கழகம் எனப்படும் அன்றைய விவசாயப் பல்கலைக்கழகத்தார், 1980களில் ஆஸ்திரேலியரோடு சேர்ந்து உழைத்தார்கள். வி4 என்னும் சாதுவான வைரஸில் வெப்பம் தாங்கும் வகையைத் தீவனத்தில் பூசி, ஊசியில்லாமல் கம்பத்துக் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்.

ஆகவே நேயர்களே, சீக்கு வந்தபின் மாத்திரை தேடாதீர்கள். கோழி நன்றாக இருக்கும்போதே கால்நடை இலாகாவில் தடுப்பு மருந்து கேளுங்கள். சந்தையில் வாங்கிய கோழியைச் சில வாரம் தனியே வையுங்கள். செத்ததை ஆற்றிலோ கால்வாயிலோ எறியாமல் ஆழப் புதையுங்கள்.