தள்ளுபடி அல்ல, தவணை மாற்றம்
(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

மாரடைப்பு என்றால் என்னைப் போன்ற பெரியவர்கள் சமாசாரம் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபரில் காலமானபோது வயது 46, உடற்பயிற்சியை விடாதவர். தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முந்தியே வருகிறது என்கின்றன ஆய்வுகள்.

"பைபாஸ் செய்தால் சரியாகிவிடும்" என்பார்கள். பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் 1975-லேயே டாக்டர் கே.எம். செரியன் செய்த அறுவை சிகிச்சைதான். நெஞ்சுக்குள் உள்ள தமனியையோ, காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயையோ இணைத்து, அடைப்பைத் தாண்டி ரத்தத்துக்கு மாற்றுப்பாதை போடுகிறார்கள். உயிர் பிழைக்கிறது; அடைப்பை உண்டாக்கிய நோய் உள்ளேயே இருக்கிறது. வங்கிக் கணக்கில் சொன்னால், கடன் தள்ளுபடி ஆகவில்லை, தவணைதான் மாறியிருக்கிறது. காலிலிருந்து எடுத்த குழாய் பத்து ஆண்டுகளில் பலருக்கு அடைத்துக்கொள்கிறது. நாற்பதில் பைபாஸ் செய்தவர் இன்னும் முப்பது வருஷம் ஓட்ட வேண்டாமா? ஆகவே சிகரெட் கூடவே கூடாது. "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

முப்பதைத் தாண்டியவர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் பாரம், கையிலோ தாடையிலோ வலி, திடீர் வியர்வை வந்தால், வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். தானே வண்டி ஓட்டிப் போகவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். வாட்ச்மேனிடம் சொல்லுங்கள், கேட்டைத் திறந்து, லிஃப்டைக் கீழே நிறுத்தி வைக்கட்டும்.