கொல்லிமலை லேகியமும் ஒரு சட்டமும்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. சித்தர் மலை, மூலிகை மலை. அந்தப் பெயரை ஒட்டிவிட்டால் எந்த லேகிய டப்பாவும் விலைபோகும். 'ஆண்மைக்கு' என்றும் சேர்த்துவிட்டால் கேட்கவே வேண்டாம்!

பாலியல் திறனைக் கூட்டும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருஷத்துச் சட்டம் தடை செய்கிறது. சுவரொட்டிகளுக்கு அது தெரியாது போலிருக்கிறது.

விந்து சீக்கிரம் வந்துவிடுகிறதே என்பதுதான் இப்படி லேகியம் தேடும் பலருடைய கவலை. ஐந்து நாடுகளில் 500 தம்பதிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2005-இல் வெளியானது. உடலுறவு தொடங்கியதிலிருந்து விந்து வரும்வரை ஆகும் நேரத்துக்கு அதில் கிடைத்த இடைநிலை அளவு 5.4 நிமிடம்தான். அரை மணி நேரம் என்பதெல்லாம் நண்பர்கள் விடும் கதை. ஆரம்பத்திலிருந்தே ஒரு நிமிடத்துக்குள் முடிந்து, அடக்கவும் முடியாமல், மனதையும் வாட்டினால் அது சிகிச்சைக்குரிய குறைபாடு. பயிற்சி, ஆலோசனை, மாத்திரை எல்லாம் உண்டு.

ஒரு துளி விந்துக்கு நாற்பது துளி ரத்தம் என்பார்கள். அது பொய். விந்தில் பெரும்பகுதி விந்துப்பையும் புராஸ்டேட்டும் சுரக்கும் நீர். உடம்பு மறுபடி சுரந்துகொள்ளும். விந்து போனால் பலம் போச்சு என்று மருகுவதற்கு மனநல மருத்துவர் என்.என்.விக் 1960-இல் 'தாது நோய்க்குறி' என்றே பெயர் வைத்தார்.

சர்க்கரை நோயாளிக்குச் சில சமயம் விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். விறைப்பு குறைவது இதய நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். லேகியம் இவற்றைக் கண்டுபிடிக்காது. அரசு மருத்துவமனையில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள். மனைவியும் கூட வந்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.