கால்பந்து யாருக்குச் சொந்தம்?

(பழங்காநத்தத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் வாலிபர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்தக் கூட்டத்துக்கு வரும் வழியில் டீக்கடை வாசலில் நாலைந்து வாலிபர்கள் காரசாரமாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொன்னார்: "டெலிவிஷன்காரன் கல்கத்தா அணிக்குத்தான் ஜால்ரா போடுகிறான். நம் சென்னை அணி ஜெயித்தால் அவன் குரலில் உயிரே இல்லை." இன்னொருவர் சொன்னார்: "குற்றம் பணத்தில் இருக்கிறது. இத்தனைக்கு மேல் செலவு செய்யக்கூடாது என்று கணக்குச் சட்டம் போட்டால் எல்லா அணியும் சமமாகிவிடும்." மூன்றாவது தம்பி சிரித்தார்: "அண்ணே, சட்டமெல்லாம் ஏழைக் கழகத்துக்குத்தான்." என்னையும் அபிப்பிராயம் கேட்டார்கள். மேடையில் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

செங்கொடி மேடையில் பந்தாட்டப் பேச்சா என்று பெரியவர்கள் சிலர் நினைக்கலாம். தோழர்களே, இந்த ஆட்டத்தை வளர்த்தவன் தொழிலாளி. இன்று உலகெங்கும் பெயர் பெற்ற மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தை 1878-ல் தொடங்கியவர்கள் ரயில்வே ஒர்க்‌ஷாப் தொழிலாளர்கள். ஆர்சனல் கழகத்தை 1886-ல் தொடங்கியவர்கள் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள். நம் நாட்டில் முதன் முதலாக 1996-97-ல் தேசியக் கால்பந்து லீக் நடந்தபோது பட்டத்தை வென்றது எந்த அணி தெரியுமா? பஞ்சாபில் பக்வாரா நகரத்து ஜே.சி.டி. மில் அணி. நம்மைப் போன்ற பஞ்சாலைக்காரர்களின் அணி!

அந்த மில் அணி இன்று எங்கே? 2011-ல் நிர்வாகம் அதைக் கலைத்துவிட்டது. சொன்ன காரணம் என்ன? ஆட்டத்துக்குப் போதிய வெளிச்சம் இல்லை, டெலிவிஷனில் பார்ப்பவர் இல்லை, ஆகவே அணி வைத்திருப்பதில் பயனில்லை என்பதுதான். டீக்கடையில் நம் தம்பிகள் பேசிய இரண்டு விஷயங்களும், அதாவது திரையும் பணமும், ஒரே முடிச்சு என்பது இதிலிருந்தே விளங்கும்.

வேலிக்கு ஓணான் சாட்சி

2010 டிசம்பரில் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் ஓர் ஒப்பந்தம் செய்தது. பதினைந்து வருஷத்துக்கு 700 கோடி ரூபாய். அதற்குப் பதிலாக இந்தியக் கால்பந்தின் வியாபார உரிமை முழுவதும் ரிலையன்ஸ் கூட்டாளியாக இருந்த கம்பெனிக்குப் போயிற்று. அந்த ஏற்பாட்டில் பிறந்ததுதான் 2014 அக்டோபரில் எட்டு அணிகளோடு தொடங்கிய ஐ.எஸ்.எல். என்னும் இந்தியன் சூப்பர் லீக். லீகை நடத்திய கம்பெனியில் ரிலையன்ஸுக்குப் பங்கு. ஸ்டார் டெலிவிஷனுக்கும் பங்கு. ஆட்டத்தை ஒளிபரப்பியதும் அதே ஸ்டார் டெலிவிஷன். 2024 நவம்பரில் ரிலையன்ஸின் டெலிவிஷன் வியாபாரமும் ஸ்டாரும் ஒரே கம்பெனியாக இணைந்தன.

நடத்துகிறவனும் அவனே, காட்டுகிறவனும் அவனே, புகழ்கிறவனும் அவனே! இதைத்தான் நம் கிராமத்தில் வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள்.

வர்ணனைக்காரர் எந்த அணியின் பக்கம் சாய்ந்து பேசினார் என்று நாம் சண்டை போடுகிறோம். அது சின்னப் பாரபட்சம். பெரிய பாரபட்சம், காட்டாமலே விடுவது. ஐ.எஸ்.எல். ஆட்டங்கள் பகட்டோடு வீடு தேடி வந்த காலத்தில், பழைய தேசிய லீகின் வாரிசான ஐ-லீகும் நடந்துகொண்டுதான் இருந்தது. 2018-19 பருவத்தின் நடுவில், எஞ்சிய ஐ-லீக் ஆட்டங்களில் ஒரு பகுதியை மட்டுமே ஒளிபரப்புவது என்று முடிவு செய்தார்கள். கழகங்கள் கண்டனம் எழுப்பின. ஜே.சி.டி. மூடிய கதையை நினைத்துப் பாருங்கள். திரையில் இல்லாத அணிக்கு விளம்பரம் இல்லை. விளம்பரம் இல்லாத அணிக்குச் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாத அணிக்கு ஆட்டக்காரன் இல்லை. பிறகு, "அந்த அணியில் சரக்கில்லை" என்று அதே வாய் பேசும்.

கோப்பை உண்டு, கதவு இல்லை

அந்தப் பருவத்தில் ஐ-லீக் பட்டத்தை வென்றது யார்? நம் தமிழ்நாட்டுக் கழகம், சென்னை சிட்டி. 2019 மார்ச் 9-ல் கோவை நேரு ஸ்டேடியத்தில் கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று தோற்கடித்து, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்திப் பட்டம் பெற்றது. ஏழு மாதம் கழிந்தது. 2019 அக்டோபரில் ஆசியச் சம்மேளனத்தின் சம்மதத்தோடு ஒரு திட்டம் வந்தது: இனி ஐ.எஸ்.எல்.தான் முதல் லீக். ஐ-லீக் அதற்குக் கீழே. தேசிய சாம்பியன் ஒரு கையெழுத்தில் இரண்டாம் தரமாகிவிட்டது! 2020-21 பருவத்துக்குப் பிறகு அந்தக் கழகம் ஐ-லீகிலும் இல்லை.

இதற்கு முன்பே மிஸோரம் மலைநாட்டு ஐஸ்வால் கழகம் 2016-17-ல் இதே பட்டத்தை வென்றது. கல்கத்தாவின் பெரிய கழகங்களை முந்தி, சிறிய பணத்தில் வென்ற வெற்றி. மேல் லீகில் இடம் உண்டா என்று கேட்டார்கள், இல்லை. உண்ணாவிரதம் இருப்போம் என்று சொல்லுமளவுக்கு அவர்களைத் தள்ளினார்கள். அதே வருஷம் ஐ.எஸ்.எல்.லில் இரண்டு புதிய இடங்கள் திறந்தன. அவை பெங்களூர் கழகத்துக்கும் ஜாம்ஷெட்பூரில் டாட்டா கம்பெனியின் அணிக்கும் போயின. இடத்துக்கு விலை, ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் கட்டணம்! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பது பழமொழி. இங்கே பூசாரி ரசீதுப் புத்தகத்தோடு நின்றான்.

கட்டணமின்றி, வென்றவர் மேலே வரலாம் என்ற வழி 2022-23 ஐ-லீகிலிருந்துதான் திறந்தது. பஞ்சாப் கழகமும், அடுத்த வருஷம் கல்கத்தாவின் முகம்மதன் ஸ்போர்ட்டிங்கும் மேலே வந்தன. ஆனால் தோற்றவர் கீழே இறங்க வேண்டும் என்ற பகுதி? 2024-25-ல் அமுலாக வேண்டியது, அமுலாகவில்லை.

சம்பளத்துக்கு உச்சவரம்பு

இனி கணக்குச் சட்டத்துக்கு வருவோம். நாம் நிலத்துக்கு உச்சவரம்பு கேட்டோம். ஐ.எஸ்.எல்.லில் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்தார்கள். அணிகள் சமமாக இருக்க இது உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வரம்பை யார் குறிப்பது? ஆட்டக்காரனின் சங்கத்தோடு பேசிக் குறிக்க வேண்டும். இங்கிலாந்தில் வாரம் 20 பவுனுக்கு மேல் எந்த ஆட்டக்காரனுக்கும் கூலி இல்லை என்று விதி இருந்தது. ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்வோம் என்று உறுதியாக நின்றதும், 1961 ஜனவரியில் அந்த விதி உடைந்தது. உடைத்தது சங்கம்!

அதே இங்கிலாந்தில் கழகங்களின் நஷ்டத்துக்கும் வரம்பு வைத்தார்கள். தொழிலாளர் நகரமான லிவர்பூலின் எவர்ட்டன் கழகத்தின் மீது 2023 மார்ச்சில் குற்றம் சாட்டினார்கள். நவம்பரில் 10 புள்ளிகளைப் பிடுங்கினார்கள். அப்பீலில் அது 6 ஆயிற்று. அபுதாபி அரச குடும்பத்தின் பணத்தில் நடக்கும் மான்செஸ்டர் சிட்டி மீது அதற்கு ஒரு மாதம் முன்பு நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள். அந்த விசாரணை தொடங்கவே 2024 செப்டம்பர் ஆயிற்று. குற்றம் நிரூபணமாயிற்று என்று நான் சொல்லவில்லை. ஒரே சட்டம், எளியவன் வீட்டுக்கு நடையில் ஓட்டமாகவும், வலியவன் வீட்டுக்கு ஆமை நடையாகவும் போகிறது என்றுதான் சொல்கிறேன். டீக்கடையில் சிரித்த தம்பி தப்பாகச் சொல்லவில்லை.

ஒப்பந்தம் முடிந்தது, கூலி நின்றது

"முதலாளி பணம் இல்லாமல் ஆட்டம் ஏது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்தப் பணத்தால் மைதானங்களுக்கு விளக்கு வந்தது. சில ஆட்டக்காரர்களுக்கு நல்ல சம்பளம் வந்தது. ஒப்புக்கொள்வோம். ஆனால் பணம் போட்டவர் கையை எடுத்தால் என்ன நடக்கும் என்பதை 2025 காட்டியது. ஒப்பந்தம் டிசம்பரில் முடியப் போகிறது, புதுப்பிப்பு இல்லை. ஜூலையில் லீகை நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் பெங்களூர் கழகம் ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிறுத்திவைத்தது, சென்னையின் எஃப்.சி. தன் வேலைகளை நிறுத்தியது. புதிதாக டெண்டர் விட்டார்கள், நவம்பரில் கெடு முடிந்தது, ஒருவர்கூடக் கேட்கவில்லை. 2026 ஜனவரியில் சுனில் சேத்ரி முதலிய ஆட்டக்காரர்களே உலகச் சம்மேளனத்திடம் முறையிடும் நிலை வந்தது. கடைசியில் சர்க்கார் தலையிட்டு, பிப்ரவரி 14-ல் 14 கழகங்களோடு சுருங்கிய பருவம் தொடங்கியது.

ஆலை முதலாளி லாபம் இல்லை என்று கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்று மதுரைத் தொழிலாளிக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பந்து உதைப்பவன், புல்லுக்குத் தண்ணீர் விடுபவன், உடை துவைப்பவன் எல்லாருக்கும் முதல் அடி.

ஆட்டமாவது வளர்ந்ததா? 1996-ல் உலக வரிசையில் 94-வது இடத்தில் இருந்த இந்தியா, 2025 நவம்பரில் 142-வது இடம். 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறவும் இல்லை.

வேறு வழி உண்டு

ஜெர்மனியில் ஒரு விதி இருக்கிறது. கழகத்தின் வோட்டில் பாதிக்கு மேல் சந்தாதார உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும். சில விலக்குகள் உண்டு, ஆனால் பொது விதி அதுவே. இதுவும் கணக்குச் சட்டம்தான். ஆனால் மக்கள் பக்கத்துச் சட்டம். 2024-ல் அங்கே லீகின் ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை முதலீட்டுக் கம்பெனிக்கு விற்க முயன்றார்கள். ரசிகர்கள் வாரந்தோறும் மைதானத்தில் டென்னிஸ் பந்துகளை எறிந்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். பிப்ரவரியில் திட்டம் கைவிடப்பட்டது.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 1911-ல் வெள்ளைக்காரப் பட்டாள அணியைப் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி வென்ற மோகன் பகான் கழகத்தின் பெயருக்கு முன்னால், 2020-ல் முதலாளியின் பழைய அணிப் பெயரை ஒட்டினார்கள். ரசிகர்கள் மூன்று வருஷம் விடாமல் போராடினார்கள். 2023-ல் ஒட்டு கழன்றது.

ஆகவே தோழர்களே, டீக்கடைச் சண்டையைக் கோரிக்கையாக மாற்றுவோம்.

ஒன்று: லீகை நடத்துகிறவனும் ஒளிபரப்புகிறவனும் ஒருவனாக இருக்கக்கூடாது. முக்கிய ஆட்டங்களைத் தூர்தர்ஷனோடு பகிர 2007 சட்டம் இருக்கிறது. தேசிய லீக் ஆட்டங்களையும் அதில் சேர்க்க வேண்டும்.

இரண்டு: வென்றவன் ஏற, தோற்றவன் இறங்க வேண்டும். ஏணிக்குக் கட்டணம் கூடாது.

மூன்று: கழகக் கணக்குகள் பகிரங்கமாக வேண்டும். முதல் செலவு சம்பளம். அதற்கு முன்பணம் கட்டாத கழகத்துக்கு அனுமதி இல்லை.

நான்கு: நிர்வாகத்தில் ரசிகர்களுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் வோட்டு வேண்டும்.

கேரளத்தில் திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்ற சிறுவன் ஐ.எம். விஜயன் இந்திய அணியின் தலைவனானார். அதே ஜே.சி.டி. மில்லுக்கும் ஆடினார். பழங்காநத்தத்துத் தெருவில் பந்து உதைக்கும் பிள்ளைக்கும் கால் இருக்கிறது, ஏணிதான் இல்லை. அந்த ஏணியை நாம் கேட்டு வாங்குவோம். நாளைக்கு டீக்கடையில் சந்திக்கும்போது, எந்த அணி ஜெயிக்கும் என்பதோடு சேர்த்து, எவன் கையில் சாவி இருக்கிறது என்பதையும் பேசுங்கள்.