'தமிழ் நேசன்' யாருடையது?



2019-ஆம் ஆண்டு தைப்பூசம் ஜனவரி 21-இல் வந்தது. பத்துமலைக்குக் காவடி எடுத்துச் சென்ற நம்மவர்கள் தோட்டம் திரும்பி இரண்டு வாரங்கூட ஆகவில்லை. கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' நாளிதழ் நின்றுவிட்டது. தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் வாழ்ந்த ஏடு. தொடர்ந்த நட்டமே காரணம் என்றார்கள். "அது யாருடைய பேப்பர், சார்?" என்று பால்வெட்டும் பெரியவர் ஒருவர் நம்மிடம் கேட்டார். நாள்தோறும் படித்த நாம் அதை எண்ணிப் பார்த்ததே இல்லை.

1924 செப்டம்பர் 10-இல் அதைத் தொடங்கியவர் நரசிம்ம ஐயங்கார். முதலில் வார இதழ், பிறகே நாளிதழ். அவருக்குப் பின் உடைமை கைமாறியது. மூடும்போது அது, ம.இ.கா. தலைவராக நெடுங்காலம் இருந்த ச. சாமிவேலு அவர்களின் குடும்பத்தாரிடம் இருந்தது. கட்சித் தலைவர் வீட்டு ஏட்டில் அந்தத் தலைவரைப் பற்றிய குறையைத் தேடுவது வீண் வேலைதான். வாசகர்களும் இதை அறிவார்கள். ஆகவே மறுபக்கம் தெரிய இன்னோர் ஏட்டையும் புரட்டினார்கள்.

ஆனால் பத்திரிகை முதலாளி மட்டுமே பத்திரிகை ஆகிவிடுவாரா? 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், கள்ளுக்கடை மூடப்பட வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள் நம் பாட்டன்மார். (சைக்கிள் விஷயம் சிறிதாகத் தோன்றும், இறங்கி நின்றவருக்குத்தான் அதன் எடை தெரியும்.) அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். மே மாதம் அவரைக் கைது செய்தார்கள். தொழிலாளர் கொதித்தெழுந்தனர். சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

1950-இல் அதே ஏட்டில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். சிறுகதை எழுதுவது எப்படி என்று ஏட்டின் வழியாகவே பாடம்! இந்நாட்டு எழுத்தாளர் பலர் அதில் பயின்றவர்களே.

பெரியவருக்கு இவற்றையெல்லாம் சொன்னோம். அவர் இப்போது வேறொரு நாளிதழ் வாங்குகிறார். அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயர்கள் எந்த ஏட்டிலும் ஓர் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். சென்ற வாரம் கண்ணாடியை மறந்து வந்தவர், நம் பள்ளி மாணவி ஒருத்தியை அழைத்து, "அந்தக் கடைசி வரியைப் படி, தாயி" என்றார்.