சலவைப் பட்டறையிலிருந்து வந்த பேய்



பேய்க்கதைக்காரரைப் பற்றிப் பேச இலக்கிய மேடைதானா கிடைத்தது என்று இங்கே சிலர் நெளிவது தெரிகிறது. நெளியுங்கள், தப்பில்லை. அமெரிக்காவிலும் நெளிந்தார்கள். 2003இல் அந்நாட்டு தேசியப் புத்தக அறக்கட்டளை ஸ்டீபன் கிங்குக்குச் சிறப்புப் பதக்கம் அறிவித்தபோது, ஹரால்ட் ப்ளூம் என்ற பெரிய விமர்சகர், பண்பாடு இன்னும் ஒரு படி கீழே இறங்கிவிட்டது என்று கொதித்தார்.

கிங் மீது இரண்டு வழக்கு. ஒன்று, பயமுறுத்துகிறார். இன்னொன்று, எழுதிக் குவிக்கிறார்.

முதல் வழக்கை எடுத்துக்கொள்வோம். பயத்தை அவர் எங்கிருந்து எடுத்தார்? சுடுகாட்டிலிருந்தா? மெய்ன் பல்கலைக்கழகத்தில் 1970இல் ஆங்கிலப் பட்டம் வாங்கியவருக்கு வாத்தியார் வேலை உடனே கிடைக்கவில்லை. பாங்கோர் என்ற ஊரில் ஒரு சலவைப் பட்டறையில் சேர்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து ரத்தக்கறையோடு படுக்கைவிரிப்புகள் வரும். ஓட்டல்களிலிருந்து மீனும் நண்டும் சிந்திய மேசைவிரிப்புகள், புழு நெளிய நெளிய வரும். அங்கிருந்துதான் 'தி மாங்க்லர்' பிறந்தது. துணியை அழுத்தித் தேய்க்கும் ராட்சத இயந்திரம் ஒன்றுக்குப் பேய் பிடித்துவிடுகிற கதை. வேலை செய்கிறவனின் கை எப்போது உள்ளே போகும் என்ற பயம், ஐயா, அது பேய் பயமா, கூலிக்காரனின் பயமா?

பிறகு பள்ளி ஆசிரியரானார். குடியிருந்தது டிரெய்லர் வீடு. கட்டணம் கட்ட முடியாமல் தொலைபேசியை எடுத்துவிட்டார்கள். மகளுக்குக் காதுவலி, மருந்துக்குக் காசில்லை என்று வீடு திரும்பிய நாளில், ஒரு கதைக்கான 500 டாலர் காசோலை தபாலில் காத்திருந்திருக்கிறது. 'கேரி' நாவலின் முதல் பக்கங்களைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டதும், மனைவி டபிதா அவற்றைப் பொறுக்கியெடுத்து 'எழுது' என்றதும் நீங்கள் கேள்விப்பட்ட கதைதான். பதிப்பகம் தந்த முன்பணம் 2,500 டாலர். மலிவுப் பதிப்பு உரிமையோ 4 லட்சம் டாலருக்குப் போனது, பாதி அவருக்கு. 1974இல் புத்தகம் வந்தது. பள்ளி வேலையை விட்டார்.

பணம் வந்த பிறகும் பழைய பயம் போகவில்லை. 1977இல் வந்த 'தி ஷைனிங்'கைப் படித்துப் பாருங்கள். பனியில் அடைபட்ட ஓட்டலில் ஆவிகள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கதாநாயகன் யார்? கோபத்தில் ஒரு மாணவனை அடித்து ஆசிரியர் வேலையைத் தொலைத்தவன். இந்த ஓட்டல் காவல் வேலையும் போனால் பெண்டாட்டி பிள்ளையை எப்படிக் காப்பாற்றுவது என்று நடுங்குகிறவன். என்னை உலுக்கியது அந்த நடுக்கம்தான்.

இரண்டாவது வழக்கு, குவிப்பது. அறுபதுக்கும் மேற்பட்ட நாவல்கள். ஓர் எழுத்தாளருக்கு ஆண்டுக்கு ஒரு புத்தகம் போதும் என்று பதிப்புலகம் நினைத்த காலத்தில், ரிச்சர்ட் பாக்மன் என்று ஒரு பொய்யான ஆளையே படைத்து, அவன் பெயரிலும் எழுதினார். 1985இல் ஒரு புத்தகக்கடை ஊழியர் குட்டை உடைத்ததும், பாக்மன் புனைபெயர்ப் புற்றுநோயில் காலமானார் என்று அறிவித்துவிட்டார்!

எல்லாம் பொன் என்று நான் சாதிக்க வரவில்லை. 'டாமிநாக்கர்ஸ்' மோசமான நாவல் என்று அவரே சொல்லிவிட்டார். மதுவும் கோக்கைனும் அவரை ஆண்ட காலம் அது. 'கூஜோ'வை எழுதியதே சரியாக நினைவில்லை என்கிறார். குடும்பம் ஒன்றுகூடி அவரை மீட்டது. 1999இல் சாலையோரம் நடந்தவரை வேன் மோதி எலும்புகள் நொறுங்கின. சில வாரங்களில், உட்கார்வதே வேதனையாக இருந்தபோது, மறுபடி எழுதத் தொடங்கினார். நல்ல நாளில் மட்டும் எழுதுகிறவருக்கு அறுபது வருமா?

இன்னொரு வேடிக்கை. கடையில் ஒரு மூதாட்டி அவரிடம், 'உங்கள் பயங்கரமெல்லாம் எனக்கு வேண்டாம், ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன் போன்ற கதைதான் பிடிக்கும்' என்றாராம். 'அதுவும் நான் எழுதியதுதான்' என்றார் கிங். 'இல்லை, நீங்கள் இல்லை' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் அந்த அம்மா. ப்ளூமுக்குப் பதில் சொல்லிவிடலாம். இந்த அம்மாவுக்கு என்ன சொல்வது?

எதில் தொடங்கலாம் என்று கேட்பீர்களானால், 'மிசரி'. பேயே கிடையாது. ஓர் எழுத்தாளன், அவனைப் பூட்டிவைத்து எனக்குப் பிடித்தபடி எழுது என்று மிரட்டும் வாசகி ஒருத்தி. இந்த அரங்கில் எழுத்தாளர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், பகலில் படியுங்கள்.