முடியாத ஆட்டமும் பொறுமையிழந்த இரசிகரும்

(இளைஞர் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



விளையாட்டைப் பற்றிப் பேசும்படி உங்கள் செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். வென்றவர்களைப் பற்றிப் பேசுவோர் பலர் உளர். தோற்றவர்களைப் பற்றிப் பேசுவோரும் சிலர் உளர். ஆனால் நள்ளிரவு கடந்த பின்னும் மைதானத்து வாங்கிலே குந்தியிருந்து, "இது எப்பொழுதுதான் முடியும்?" என்று பெருமூச்சு விடும் இரசிகனைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அவனைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல எண்ணுகிறேன். அவன் அமெரிக்க நாட்டவன். அவன் பார்க்கும் ஆட்டம் பேஸ்போல்.

எல்லே ஆட்டமும் கிரிக்கெட் ஆட்டமும் அறிந்த உங்களுக்குப் பேஸ்போலை விளக்குவது கடினமன்று. பந்தை அடித்தவர் முதலாம், இரண்டாம், மூன்றாம் தளங்களைச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே மீண்டும் வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். மூவர் ஆட்டமிழந்தால் அந்தத் தரப்பு இறங்கி மற்றத் தரப்பு ஏறும். இரு தரப்பும் ஒவ்வொரு முறை துடுப்பெடுத்தால் அஃது ஓர் இன்னிங்ஸ். இப்படி 9 இன்னிங்ஸ் ஆடி முடிந்ததும் கூடிய ஓட்டம் பெற்றவர் வெல்வர். இருவரும் சமமாக நின்றால்? "சமநிலை" என்று கைகுலுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழக்கம் அங்கே இல்லை. 10 ஆவது இன்னிங்ஸ் ஆடுவார்கள், அதிலும் சமமாயின் 11, பின்னர் 12. ஓர் இன்னிங்ஸ் முடியும்போது எவராவது ஒருவர் முந்தி நிற்கும் வரைக்கும் ஆட்டம் போய்க்கொண்டே இருக்கும். உதைபந்தாட்டத்தில் மணிக்கூடு ஆட்டத்தை முடித்து வைக்கும். இங்கே மணிக்கூட்டுக்கு அந்த அதிகாரம் இல்லை.

இரசிகனுடைய மனவேதனையின் வேர் இங்கேதான் இருக்கிறது. விடிய விடியக் கூத்துப் பார்த்துப் பழகியவர்கள் இந்தச் சபையிலும் இருக்கிறீர்கள். கண் விழிப்பது உங்களுக்குப் பெரிய காரியமன்று. கூத்திலே அடுத்து எந்த இராசா வருவான், எவன் மடிவான் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். விடியும்போது மங்களம் பாடுவார்கள் என்பதும் தெரியும். முடிவு தெரிந்த காத்திருப்பு வேறு. முடிவு தெரியாத காத்திருப்பு வேறு. மனிதனை வாட்டுவது தூக்கம் கெடுவதன்று, இன்னும் எவ்வளவு நேரம் என்று கணக்குப் பார்க்க முடியாமற் போவதே.

அந்த இரசிகனுடைய மனம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். 10 ஆவது இன்னிங்ஸில் அவனுக்கு உற்சாகம். "காசுக்கு மேலாகவே ஆட்டம் கிடைத்தது" என்று மகிழ்கிறான். 12 ஆவதில் மூன்று தளங்களிலும் தன் கட்சியார் ஆள் நிறுத்திவிட்டு, ஒருவரைக்கூட வீடு சேர்க்காமல் ஆட்டமிழக்கும்போது, தலையிலே கை வைக்கிறான். உணவுக் கடைகள் பூட்டப்படுகின்றன. தொப்பியின் உட்புறத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டால் நற்பேறு வரும் என்று ஒரு நம்பிக்கை அவர்களிடையே உண்டு. அதையும் செய்து பார்க்கிறான். 7 ஆவது இன்னிங்ஸில் எல்லோரும் எழுந்து நின்று கால் நீட்டிப் பாடுவது வழக்கம். 14 ஆவதிலே அதை இன்னொரு முறை செய்கிறான். இம்முறை பாட்டிலே சுரம் குறைவு. காலையில் வேலை இருக்கிறது. மடியிலே பிள்ளை உறங்குகிறது. அப்போது அவனுடைய உள்ளத்தில், வாய்விட்டுச் சொல்ல நாணும் ஓர் எண்ணம் எழுகிறது: "எவன் வென்றாலும் பரவாயில்லை, முடிந்தாற் போதும்!" தன் கட்சி வெல்ல வேண்டும் என்று நாலு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தியவன், இப்போது எதிரி ஓர் ஓட்டம் எடுத்தாலும் உள்ளூர ஆறுதல் அடைவான் போலிருக்கிறது. மனித மனம் எவ்வளவு விசித்திரமானது, பார்த்தீர்களா?

இதற்கு உலகப் பிரசித்தி பெற்ற எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. 1981 ஆம் ஆண்டு ஏப்ரல் 18 ஆந் திகதி, கிறிஸ்தவர்களின் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய இரவு, றோட் ஐலண்ட் மாநிலத்தில் போட்டுக்கெட் என்னும் ஊரில், அவ்வூர் அணியும் றொச்செஸ்டர் அணியும் மோதின. இவை அப்போது பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே இருந்த அணிகள். மேலே போக வேண்டும் என்று கனவு காணும் இளைஞர்கள் ஆடும் இடம் அது. வந்திருந்த பார்வையாளர் 1,740 பேர். 9 இன்னிங்ஸ் முடிந்தபோது இரு தரப்பும் ஒவ்வோர் ஓட்டம். குளிர்காற்று மைதானத்துக்கு உள்ளே நோக்கி வீசி, உயர அடித்த பந்துகளையெல்லாம் வேலி தாண்ட விடாமல் தடுத்தது. வீரர்கள் உடைந்த துடுப்புகளையும் வாங்குப் பலகைகளையும் எரித்துக் குளிர் காய்ந்தார்கள்.

21 ஆவது இன்னிங்ஸில் றொச்செஸ்டர் ஓர் ஓட்டம் எடுத்தது. "அப்பாடா!" என்று எல்லோரும் மூச்சு விட்டிருப்பர். உடனே போட்டுக்கெட்டின் வேட் பொக்ஸ் ஓர் அடி அடித்துக் கணக்கைச் சமமாக்கிவிட்டார். தன்னைக் கட்டித் தழுவுவதா, குத்துவதா என்று தன் தோழர்களுக்கே தெரியவில்லைப் போலும் என்று அவர் பின்னாளில் நகைச்சுவையாகச் சொன்னதுண்டு. இரசிகனுடைய மனம் ஆடுபவனுக்கும் வந்துவிட்டது! றொச்செஸ்டர் அணியின் டலஸ் வில்லியம்ஸ் என்பவரின் கணக்கில் 13 துடுப்பாட்டங்கள் பதிவாயின. 13 இலும் ஓர் அடிகூடப் பலிக்கவில்லை. போட்டுக்கெட்டின் பந்தெறிபவர் ஒருவர் தம் பங்கை முடித்துக்கொண்டு விடியப்புறம் வீடு சென்றபோது, இவ்வளவு நேரமும் ஆட்டம் நடந்தது என்பதை மனைவி நம்பவில்லையாம். மனிதர் மைதானத்துக்கே திரும்பி வந்து படுத்தாராம்.

ஏன் எவரும் நிறுத்தவில்லை என்று கேட்பீர்கள். இளைஞர்களே, இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். இரவு 12 மணி 50 நிமிடத்துக்குப் பின் புதிய இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது என்று அந்த லீக்கில் விதி இருந்தது. ஆனால் அன்றைய நடுவர்களின் கையிலிருந்த விதிப் பிரதியில் அந்த வாசகம் இல்லை. கண்ணெதிரே வீரர்கள் நடுங்கினார்கள். பார்வையாளர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள். நடுவர்கள் கடிதாசியைப் பார்த்தார்கள், கடிதாசியில் இல்லை, ஆகவே ஆட்டம் தொடர்ந்தது. ஈற்றில் லீக்கின் தலைவர் தொலைபேசியில் அகப்பட்டார். அவர் "நிறுத்துங்கள்" என்ற பின்பே, 32 இன்னிங்ஸ் முடிவில், அதிகாலை 4 மணி 7 நிமிடத்துக்கு ஆட்டம் இடை நிறுத்தப்பட்டது. அப்போதும் கணக்கு 2க்கு 2. மைதானத்தில் எஞ்சியிருந்த பார்வையாளர் 19 பேர்.

அந்த இரவின் குற்றவாளி யார்? ஆடியவர்கள் அல்லர், ஆட்டமும் அன்று. எங்கே நிறுத்துவது என்பதைக் கண்ணாற் பார்த்துத் தீர்மானிக்க ஒருவருமே இல்லாமற் போனதுதான் குற்றம். சங்கம் நடத்துபவர்களும் கூட்டம் கூட்டுபவர்களும் இதை மனத்தில் வைத்திருத்தல் நல்லது. தொடங்கத் தெரிந்தவன் முடிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். (என் பேச்சுக்கும் இது பொருந்தும் என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது!)

எஞ்சிய ஆட்டம் ஜூன் 23 ஆந் திகதி நடந்தது. அப்போது பெரிய லீக் வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தபடியால் நாட்டின் பத்திரிகையாளர்கள் பலர் இந்தச் சிற்றூருக்கு வந்து குவிந்தார்கள். பார்வையாளர் 5,746 பேர். 33 ஆவது இன்னிங்ஸில் டேவ் கோசா என்பவர் அடித்த பந்தில் போட்டுக்கெட் வென்றது. ஆட்டம் நீடித்த மொத்த நேரம் 8 மணி 25 நிமிடம். அதிலே அன்று ஆடியது 18 நிமிடம் மாத்திரமே. குளிரில் விறைத்த 19 பேர் காணாத முடிவை, இதமான மாலையில் வந்த ஐயாயிரத்துச் சொச்சம் பேர் கண்டு களித்தார்கள். அந்த 19 பேருக்கும் பின்னர் ஆட்டம் பார்க்க இலவசச் சீட்டுக் கிடைத்தது என்பது ஓர் ஆறுதல்.

இவ்விடத்தில், எழுந்து போனவர்களை நாம் இகழ்ந்துவிடக் கூடாது. "ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவில்லை" என்று பழமொழி சொல்லி அவர்களைப் பழிப்பது எளிது. காலையில் வழிபாட்டுக்குப் போக வேண்டியவர்களும், வீட்டிலே நோயாளியை விட்டு வந்தவர்களும், குழந்தையோடு வந்தவர்களும் அவர்களுள் இருந்திருக்கலாம். கடமைக்காக எழுந்து போனவனும் நல்ல இரசிகனே. ஆனால் போகும்போது படிக்கட்டில் நின்று ஒரு முறை திரும்பிப் பார்ப்பான் பாருங்கள், அந்தப் பார்வையிலேதான் அவனுடைய அன்பு தெரிகிறது. எரிச்சலும் அன்பின் பிள்ளையே. பற்றில்லாத ஆட்டத்தைப் பார்த்து எவனும் மனம் நோவதில்லை; பேசாமல் எழுந்து போய்விடுவான்.

நின்றவர்களுக்கு எப்போதும் பரிசு கிடைக்கும் என்றும் நான் சொல்ல மாட்டேன். 1985 ஆம் ஆண்டு ஜூலை 4 ஆந் திகதி அமெரிக்கச் சுதந்திர தினம். அத்லாண்டா நகரில் நியூயோர்க் மெற்ஸ் அணியோடு நடந்த ஆட்டம் மழையாலும் தடைப்பட்டு நள்ளிரவைத் தாண்டியது. 18 ஆவது இன்னிங்ஸில் அத்லாண்டா ஓர் ஓட்டம் பின்னே நின்றது, இருவர் ஆட்டமிழந்துவிட்டனர். துடுப்பெடுக்க வந்தவர் றிக் காம்ப். அவர் பந்தெறிபவர், அடிக்கத் தெரியாதவர் என்று பெயர் பெற்றவர். வேறு ஆள் மிஞ்சவில்லை. எல்லோரும் மூட்டை கட்டத் தொடங்கிய வேளையில் அவர் பந்தை வேலிக்கு மேலாக அடித்தார்! பெரிய லீக்கில் அவர் வாழ்நாளில் அப்படி அடித்தது அந்த ஒரு முறைதான். அதன் பலன் என்ன? இன்னும் ஓர் இன்னிங்ஸ். அதிலே மெற்ஸ் 5 ஓட்டம் எடுத்தது. 16க்கு 13 என்று அத்லாண்டா தோற்றது. கடைசியாக ஆட்டமிழந்தவரும் அதே காம்ப்தான். நேரம் அதிகாலை 3 மணி 55 நிமிடம். அதன் பின்னும் வாக்களித்தபடி வாணவேடிக்கை நடத்தினார்கள். அயலிலே உறங்கியவர்கள் திடுக்கிட்டு எழுந்து பொலிசுக்கு அறிவித்தார்களாம்!

இந்த வேதனைக்கு மருந்து தேடாமலும் இல்லை. கிரிக்கெட்டிலும் கால எல்லையற்ற டெஸ்ட் ஆட்டங்கள் ஒரு காலத்தில் இருந்தன. 1939 இல் டேர்பனில் இங்கிலாந்தும் தென்னாபிரிக்காவும் ஆடிய ஆட்டம் மார்ச் 3 முதல் 14 வரை இழுபட்டது; வெற்றிக்கு 42 ஓட்டமே வேண்டியிருக்க, கப்பல் புறப்படும் நாள் வந்துவிட்டபடியால் இங்கிலாந்து வீரர்கள் ஆட்டத்தை விட்டுச் சென்றார்கள். அதனோடு அவ்வகை டெஸ்ட் ஒழிந்தது. பேஸ்போலில் 2020 ஆம் ஆண்டு ஒரு புது விதி கொண்டு வந்தார்கள். 2023 இல் அது நிலையான விதியாயிற்று. 10 ஆவது இன்னிங்ஸ் முதல், ஒவ்வொரு தரப்பும் இரண்டாம் தளத்தில் ஓர் ஆளை நிறுத்தி வைத்துக்கொண்டே தொடங்கலாம். ஓட்டம் எடுப்பது எளிதாகிறது. ஆட்டம் விரைவில் முடிகிறது. உழைக்காமற் கிடைத்த தளம் என்று பழைய இரசிகர்கள் முகஞ் சுளிக்கிறார்கள். பந்தெறிபவர்களின் தோளைக் காக்கிறது என்று மற்றோர் வரவேற்கிறார்கள்.

ஆனால் ஒரு நுட்பம் பாருங்கள். ஆண்டு முடிவில் நடக்கும் பெரிய போட்டிகளுக்கு இந்த விதி இல்லை. அங்கே பழைய முறையே. 2018 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் அணியும் பொஸ்ரன் அணியும் உலகத் தொடரின் மூன்றாம் ஆட்டத்தில் 18 இன்னிங்ஸ், 7 மணி 20 நிமிடம் ஆடின. 2025 ஒக்ரோபர் 27 இல் அதே லொஸ் ஏஞ்சல்ஸ் மைதானத்தில் ரொறன்ரோ அணி மீண்டும் 18 இன்னிங்ஸ் ஆடி, 6க்கு 5 என்று தோற்றது. ரொறன்ரோ நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் குடியேறி வாழும் நகரம். அங்கே தொலைக்காட்சி முன் இருந்தவர்களுக்கு அப்போது அதிகாலை மூன்று மணியை அண்மித்த நேரம். மறுநாள் இரவே ரொறன்ரோ அணி எழுந்து ஆடி அடுத்த ஆட்டத்தை வென்றது.

நாளாந்த ஆட்டத்துக்கு எல்லை வேண்டும். அடுத்த நாளும் வேலை உண்டு. ஆனால் வாழ்விலே ஒரு சில காரியங்களாவது, மணிக்கூட்டைப் பாராமல், தீரும் வரைக்கும் நின்று செய்ய வேண்டியவையாக இருக்கட்டும். எது எந்த வகை என்று பிரித்தறிவதே அறிவு. அமெரிக்கர் தங்கள் விளையாட்டில் அதனைச் செய்திருக்கிறார்கள். இளைஞர்களே, உங்கள் படிப்பிலும் உங்கள் பொதுப்பணியிலும் நீங்களே அதனைச் செய்துகொள்ள வேண்டும்.

கடைசியாக ஒரு செய்தி. போட்டுக்கெட்டில் அன்று ஆடியவர்களுள் வேட் பொக்ஸும், எதிரணியின் கல் றிப்கனும் பின்னர் பெரும் புகழ் பெற்று, முறையே 2005 இலும் 2007 இலும் பேஸ்போல் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார்கள். வெற்றி அடியை அடித்த டேவ் கோசா பெரிய லீக்கில் ஓர் ஆட்டந்தானும் ஆடவில்லை. ஆயினும் அவர்கள் இருவராலும் 32 இன்னிங்ஸில் முடிக்க முடியாததை முடித்து வைத்தவர் அவரே. நம்முடைய முறை எப்போது வரும் என்று நமக்கும் தெரியாது. வரும்போது நாம் அங்கே நிற்க வேண்டும், அவ்வளவுதான்.