பொது உறுப்பும் உயர்விலைக் காரும்



கார் வாங்க எண்ணும் குடும்பங்களில் அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு. பெருவிலை கொடுத்து வாங்கும் வண்டியினுள்ளே சிறுவிலை வண்டியின் உறுப்புகளே இருக்குமாயின், அதன் மதிப்புக் குறையாதோ? குறையும் என்போர் பலர். அதனை நாம் அவ்வளவு எளிதில் ஒப்புவதற்கில்லை.

செல்வர்களின் ஊர்தியாகிய ரோல்ஸ் ராய்ஸையே எடுத்துக்கொள்வோம். 1965ஆம் ஆண்டு வெளிவந்த சில்வர் ஷேடோவில், பாரம் ஏறினும் வண்டியைச் சமனாக நிறுத்தும் அமைப்பு பிரெஞ்சு நாட்டுச் சிட்ரோயனிடம் உரிமம் பெற்றது. பின்னர் அதில் பொருத்திய தானியங்கிக் கியர்ப் பெட்டியோ அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் செய்தது. அவற்றால் அதன் பெருமை குன்றிவிடவில்லை. நல்லதைச் செய்தவனிடம் நல்லதை வாங்கினார்கள், அவ்வளவே.

எனின், மனக்குறை எங்கே பிறக்கிறது? அதே ஜெனரல் மோட்டார்ஸின் கதையே விடை கூறும். அந்நிறுவனத்தின் குடைக்கீழ் ஓல்ட்ஸ்மொபீல் என்றும், அதனினும் விலை குறைந்த செவர்லே என்றும் கார்கள் விற்றன. 'ராக்கெட்' என்னும் எந்திரம் ஓல்ட்ஸ்மொபீலின் தனிப்பெருமை. 1949 முதல் அதனை விளம்பரம் செய்தே வண்டியை விற்றனர். 1977இல் விற்பனை பத்து லட்சத்தைத் தாண்டியது. எந்திரம் போதவில்லை. செவர்லே எந்திரத்தை எடுத்து வைத்தார்கள், வாங்குவோரிடம் சொல்லவில்லை. பழுதுபார்க்கும் இடத்தில் ஓல்ட்ஸ்மொபீலுக்குரிய உதிரி உறுப்பு பொருந்தாதபோதுதான் உண்மை வெளிப்பட்டது. வழக்குகள் எழுந்தன; நிறுவனம் ஈட்டுத்தொகை தர நேர்ந்தது. செவர்லே எந்திரம் மட்டமானதன்று என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். வண்டி நன்றாகவே ஓடிற்று. ஆனால் பணம் கொடுத்தவன் கேட்டது வேறு, பெற்றது வேறு. அதன்பின் தம் எந்திரங்கள் பல பிரிவுகளில் செய்யப்படுவன என்று விளம்பரத்திலேயே அச்சிடலாயினர்!

நம் நாட்டிலும் இப்பழக்கம் புதிதன்று. ஃபியட் வகுத்த 1.3 லிட்டர் டீசல் எந்திரம் 2007 முதல் மாருதியின் ஸ்விஃப்டில் ஓடிற்று. டாட்டாவின் இண்டிகா விஸ்டாவிலும் ஓடிற்று. 2019இல் மாருதியின் பலேனோவையே டொயோட்டா தன் முத்திரையிட்டுக் 'கிளான்சா' என விற்கத் தொடங்கியது. இவை ஊரறிந்த செய்திகளாதலின் ஏமாற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்திரம் பலருக்கும் பொதுவாயின், அதனைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளும் பலவாகும். சொந்த ஊருக்கு நெடுந்தொலைவு காரிலேயே செல்லும் நம்மவர்க்கு இது சிறிய நன்மையன்று.

எனினும், உயர்விலைக் கார் வாங்குவோர் கேட்டே ஆகவேண்டிய கேள்விகள் உண்டு. எந்திரமும் கியர்ப் பெட்டியும் யார் செய்தவை? அதே உறுப்பு மற்ற நிறுவனத்தின் கடையில் என்ன விலை? கூடுதலாகக் கொடுக்கும் தொகை ஓசையடக்கத்திற்கா, இருக்கைக்கா, பாதுகாப்பிற்கா, முன்புறத்து இலச்சினைக்கு மட்டுமா? இலச்சினைக்கே கொடுப்பதும் அவரவர் விருப்பம், நாம் தடுக்கவில்லை. தெரிந்து கொடுக்கட்டும். விற்பவர் விடை சொல்லத் தயங்கினால், அடுத்த கடைக்குச் செல்லலாம்.